ஒரே கணினி, பல பயனர்கள்: வீட்டுக் கணினியில் கடவுச்சொற்களைக் காப்பது எப்படி?

வீட்டில் இருக்கும் ஒரே கணினியைப் பெற்றோர், பிள்ளைகள், தாத்தா, பாட்டி என எல்லோரும் பயன்படுத்தும்போது, கடவுச்சொல் என்ற பேச்சை எடுப்பதே சிலருக்குச் சங்கடமாக இருக்கிறது. நமக்குள் என்ன ஒளிவுமறைவு என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆனால் குடும்பத்துக்குள் கடவுச்சொற்கள் கலந்துபோவதால் நேரும் இடர்களுக்குக் கெட்ட எண்ணம் தேவையே இல்லை. தன் மின்னஞ்சல் திறந்திருக்கிறது என்று நினைத்து, தங்கை அண்ணனின் கணக்கிலிருந்து வேலைக்கான விண்ணப்பத்தை அனுப்பிவிடுகிறாள். இலவச விளையாட்டு ஒன்றைச் சிறுவன் நிறுவுகிறான். அதோடு ஒட்டிக்கொண்டு வந்த தீநிரல், அதே கணக்கில் அப்பா சேமித்து வைத்திருந்த வங்கிக் கடவுச்சொல்லையும் எடுத்துச் செல்கிறது. யாரோ உலாவியைச் சுத்தம் செய்யப்போக, மற்றவர்கள் சேமித்தவையெல்லாம் அழிந்துபோகின்றன.

கணினிக்குக் கடவுச்சொல் வந்ததே ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொண்டதால்தான். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோவின் தலைமையில் உருவான சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பில், ஒவ்வொருவரின் கோப்புகளையும் தனித்தனியே வைப்பதற்காகக் கடவுச்சொல் முறை கொண்டுவரப்பட்டது. 1962இல், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் ஆய்வுக்குப் போதாத நிலையில், ஆலன் ஷெர் என்ற ஆய்வாளர் எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பை அச்சிடச் செய்து எடுத்துக்கொண்டார். அவருக்கு யாரையும் கெடுக்கும் நோக்கம் இல்லை. வேலை நடக்க வேண்டியிருந்தது, வழியும் திறந்திருந்தது. வீட்டுக் கணினியிலும் நாம் அடைக்க வேண்டியது அப்படித் திறந்து கிடக்கும் வழிகளைத்தான்.

முதல் வேலை: ஆளுக்கொரு பயனர் கணக்கு

கடவுச்சொல் பாதுகாப்பு என்றதும் நீளமான கடவுச்சொல்லை உருவாக்குவதில் பலர் தொடங்குகிறார்கள். பகிர்ந்து பயன்படுத்தும் கணினியில் அது இரண்டாவது வேலை. இயங்குதளத்தில் ஆளுக்கொரு பயனர் கணக்கு இல்லாத வரையில், எவ்வளவு வலிமையான கடவுச்சொல்லும் அடுத்து வந்து உட்காருபவருக்குத் திறந்தே இருக்கும். ஏனெனில் உலாவி சேமிக்கும் கடவுச்சொற்கள், திறந்த நிலையில் இருக்கும் உள்நுழைவுகள், தரவிறக்கிய ஆவணங்கள் ஆகிய அனைத்தும் அந்தக் கணக்குக்கு உரியவையாகத்தான் கணினியில் பதிகின்றன. விசைப்பலகையில் இருப்பது யாருடைய கை என்று கணினிக்குத் தெரியாது. எந்தக் கணக்கு திறந்திருக்கிறது என்பது மட்டுமே தெரியும்.

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் பக்கத்தில் அக்கவுண்ட்ஸ் என்ற பிரிவுக்குள் அதர் யூசர்ஸ் என்பதைத் திறந்து புதிய கணக்கைச் சேர்க்கலாம். அந்த நபருக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லையென்றால், அவருடைய உள்நுழைவு விவரம் என்னிடம் இல்லை என்ற பொருளில் வரும் இணைப்பைச் சொடுக்கி, மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமலே பயனரைச் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுக்கலாம். மேக் கணினியில் சிஸ்டம் செட்டிங்ஸ் பக்கத்தின் யூசர்ஸ் அண்டு குரூப்ஸ் பிரிவிலும், லினக்ஸின் பெரும்பாலான வகைகளில் அமைப்புகள் பக்கத்தின் யூசர்ஸ் பிரிவிலும் இதே வேலையைச் செய்யலாம். ஒரு கணக்கை உருவாக்கச் சில நிமிடங்களே ஆகும்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் நிர்வாகி கணக்குக்கும் சாதாரணப் பயனர் கணக்குக்கும் உள்ள வேறுபாடு. கணினியை முதன்முதலில் அமைக்கும்போது உருவாகும் கணக்கு நிர்வாகி கணக்காகவே இருக்கும். நிர்வாகி புதிய மென்பொருளை எல்லோருக்குமாக நிறுவலாம், மற்றவர்களின் கோப்புறைகளைத் திறக்கலாம், பழைய கடவுச்சொல் தெரியாமலேயே மற்றவரின் கணக்குக்குப் புதிய கடவுச்சொல் இடலாம். வீட்டில் எல்லோரும் நிர்வாகிகளாக இருந்தால் தனிக் கணக்குகள் இருந்தும் பயனில்லை. ஆகவே நிர்வாகத்துக்கென்று மட்டும் தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, அன்றாட வேலைகளுக்கு எல்லோரும், நிர்வாகப் பொறுப்பை ஏற்றவர் உட்பட, சாதாரணப் பயனர் கணக்கையே பயன்படுத்துவது நல்லது. மென்பொருள் நிறுவ வேண்டி வரும்போது கணினி நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். அதை அப்போது தட்டச்சு செய்தால் போதும்.

இந்த மாற்றத்தைச் செய்யும் வரிசை முக்கியம். முதலில் புதிய நிர்வாகி கணக்கை உருவாக்கி, அதற்குக் கடவுச்சொல் இட்டு, ஒருமுறை அதற்குள் நுழைந்து அது சரியாக இயங்குகிறதா என்று பார்த்துவிட வேண்டும். அதன் பிறகே, இதுவரை பயன்படுத்திவந்த பழைய கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும்.

யாராவது தம் கடவுச்சொல்லை மறந்துவிட்டதாகச் சொன்னால், நிர்வாகி உடனே புதியதை இட்டுக் கொடுத்துவிடக் கூடாது. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்கப்படாத உள்ளகக் கணக்குகளுக்கு நிர்வாகி வலிந்து கடவுச்சொல்லை மாற்றினால், பழைய கடவுச்சொல்லோடு பிணைத்து மறையாக்கம் செய்யப்பட்டவை (உரிய கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி குறியீடாக மாற்றப்பட்டவை), அதாவது உலாவியில் சேமித்த கடவுச்சொற்களும் சில டிஜிட்டல் சான்றிதழ்களும், திறக்க முடியாமல் போய்விடக்கூடும். உரியவர் அமைத்துவைத்த மீட்புக் கேள்விகள் போன்ற வழிகள் கைகொடுக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிட்டு, நிர்வாகி மாற்றுவதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தனிக் கணக்கு வைத்தால் குடும்பப் படங்களை எல்லோரும் எப்படிப் பார்ப்பது என்ற கேள்வி எழும். ஒரே கணக்கைப் பலர் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. விண்டோஸில் யூசர்ஸ் கோப்புறைக்குள் பப்ளிக் என்ற பெயரிலும், மேக்கில் ஷேர்டு என்ற பெயரிலும் எல்லோருக்கும் பொதுவான கோப்புறை ஏற்கெனவே இருக்கிறது. படங்கள், பாடல்கள், வீட்டுக்கான பொது ஆவணங்கள் ஆகியவற்றை அங்கே வைத்துவிட்டால், பகிர வேண்டியதைப் பகிர்ந்துகொண்டே மற்றவற்றைத் தனித்தனியாக வைக்க முடியும்.

கணக்குகளைப் பிரித்த பிறகு பூட்டும் பழக்கம் வர வேண்டும். விண்டோஸில் விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். மேக்கில் கன்ட்ரோல், கமாண்டு, கியூ ஆகிய மூன்று விசைகள். பூட்டினால் திறந்திருக்கும் வேலை எதுவும் அழியாது. மற்றவர் தம் கணக்கில் நுழைந்து வேலை பார்த்துவிட்டுப் போன பின், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எழுந்து போகும்போது மறந்துவிடுவது மனித இயல்பு என்பதால், ஐந்து நிமிடம் அசைவின்றி இருந்தால் திரை தானே பூட்டிக்கொள்ளுமாறும் அமைத்துவிடுங்கள்.

உலாவிக்குள் கசியும் இடங்கள்

கடவுச்சொற்கள் உண்மையில் குவிந்து கிடப்பது உலாவியில்தான். குரோமிலும் எட்ஜிலும் ஒருவர் சேமித்த கடவுச்சொல்லைத் திரையில் காட்டச் சொன்னால், கணினிக் கணக்கின் கடவுச்சொல்லை உலாவி கேட்கும். இதை நம்பி ஒரே கணினிக் கணக்கைப் பகிர்ந்துகொள்பவர்கள் ஏமாறுகிறார்கள். பகிர்ந்த கணக்கின் கடவுச்சொல் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்பது ஒருபுறம் இருக்க, அதைக் கேட்காமலேயே உலாவி உள்நுழைவுப் பக்கத்தில் கடவுச்சொல்லைத் தானாக நிரப்பிவிடுகிறது. புள்ளிகளாக நிரம்பியிருக்கும் அந்தப் பெட்டியின் பக்க நிரலைத் திறந்து ஒரு சொல்லை மாற்றினால், புள்ளிகள் இருந்த இடத்தில் கடவுச்சொல்லே தெரியும். பள்ளி மாணவர் எளிதில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை அது.

உலாவிக்குள் ஆளுக்கொரு சுயவிவரம் உருவாக்கிக்கொள்வது வசதிதான். புத்தகக்குறிகளும் உள்நுழைவுகளும் கலக்காமல் இருக்கும். ஆனால் அதே கணினிக் கணக்கில் இருப்பவர் யாராக இருந்தாலும் ஒரு சொடுக்கில் மற்றவரின் சுயவிவரத்துக்குள் போய்விடலாம் என்பதால், அதைப் பூட்டாகக் கருதக் கூடாது. பயர்பாக்ஸ் பயன்படுத்துவோர், தனியுரிமைக்கும் பாதுகாப்புக்கும் உரிய அமைப்புகளில் முதன்மைக் கடவுச்சொல் ஒன்றை இட்டுக்கொள்ளலாம். அதைக் கொடுத்தால்தான் சேமித்தவை திறக்கும். ஒருமுறை கொடுத்த பின் உலாவியை மூடும்வரை திறந்தே இருக்கும் என்பதால், வேலை முடிந்ததும் பயர்பாக்ஸை முழுவதுமாக மூடிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிகமாகக் கைமாறுதல் நடப்பது ஒத்திசைவினால், அதாவது ஒரு கணக்கில் சேமித்தவற்றை அதில் நுழைந்த எல்லாச் சாதனங்களிலும் ஒன்றாக வைக்கும் வசதியினால். ஒருவர் மின்னஞ்சலைச் சற்றுப் பார்க்க வேண்டுமென்று குரோமில் தம் கூகுள் கணக்கில் நுழைகிறார். ஒத்திசைவை இயக்கவா என்று கேட்கும் பெட்டிக்குப் படிக்காமலே சம்மதம் சொல்லிவிடுகிறார். அவர் கைபேசியில் பல ஆண்டுகளாகச் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் உடனே அந்தக் கணினிக்கு வந்துவிடுகின்றன. எதிர்த்திசையிலும் இது நடக்கும்: கணினியில் மற்றவர் சேமிக்கும் கடவுச்சொற்கள் இவருடைய கைபேசிக்குப் போய்ச் சேரும். பொதுவான கணினிக் கணக்கில் ஒத்திசைவை ஒருபோதும் இயக்காதீர்கள்.

ஏற்கெனவே இயக்கியிருந்தால், பதறிப்போய் அந்தக் கணினியில் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கிவிடாதீர்கள். ஒத்திசைவு இயங்கும் நிலையில் இங்கே நீக்கினால், அவை கைபேசியிலிருந்தும் நீங்கிவிடும். முதலில் அந்தக் கணினியில் ஒத்திசைவை நிறுத்தி வெளியேறுங்கள். அப்போது இந்தக் கணினியில் உள்ள தரவையும் அழிக்கவா என்று கேட்டால், வேறொருவர் சேமித்தவை அதில் கலந்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு சம்மதம் கொடுங்கள். பின்னர் கைபேசியிலிருந்து கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து, உங்கள் சாதனங்கள் என்ற பட்டியலில் அந்தக் கணினி இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அங்கிருந்தே வெளியேற்றலாம். வாட்ஸ்அப்பைக் கணினியில் திறந்தவர்கள், கைபேசியில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலையும் இதேபோலப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விருந்தினர் யாராவது சற்று நேரம் கணினி கேட்டால், குரோமின் விருந்தினர் பயன்முறையைத் திறந்து கொடுங்கள். அதில் உங்கள் சேமிப்புகள் எதுவும் தெரியாது. சாளரத்தை மூடியதும் அவருடைய உள்நுழைவுகளும் அழிந்துவிடும். மறைநிலைச் சாளரம் (இன்காக்னிட்டோ) இதற்கு ஈடாகாது. பக்கத்திலேயே சாதாரணச் சாளரத்தைத் திறந்தால் உங்கள் கணக்குகள் அப்படியே கிடைத்துவிடும்.

கடவுச்சொற்களை வைக்கும் இடம்

ஒவ்வொரு தளத்துக்கும் வெவ்வேறான கடவுச்சொல் வேண்டும். அத்தனையையும் மனத்தில் வைத்திருக்க யாராலும் முடியாது. அதனால் எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே முதன்மைக் கடவுச்சொல்லின் கீழ் பூட்டி வைக்கும் மென்பொருளான தனியான கடவுச்சொல் மேலாளரைப் பயன்படுத்தும்படி நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். பிட்வார்டன், கீபாஸ்எக்ஸ்சி ஆகிய இரண்டும் திறமூல மென்பொருள்கள், அதாவது அவற்றின் நிரலை யாரும் பார்த்துச் சரிபார்க்கலாம். பிட்வார்டன் மறையாக்கம் செய்யப்பட்ட தொகுப்பை இணையத்தில் வைத்து எல்லாச் சாதனங்களிலும் தருகிறது. கீபாஸ்எக்ஸ்சி அதை உங்கள் கணினியில் ஒரே கோப்பாக வைத்துக்கொள்கிறது. எதைத் தேர்ந்தாலும், அமைப்புகளில் சில நிமிடங்களுக்குப் பின்னும் கணினித் திரை பூட்டப்படும்போதும் மேலாளரும் பூட்டிக்கொள்ளுமாறு மாற்றிவிடுங்கள். பகிர்ந்த கணினியில் இதைச் செய்யாவிட்டால், மேலாளர் வைத்திருப்பதே எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே இடத்தில் திறந்து வைப்பதாகிவிடும். இதன் முதன்மைக் கடவுச்சொல்லை நீங்கள் மறந்தால் நிறுவனத்தாராலும் உள்ளே இருப்பதைத் திறந்து தர முடியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இணைய இணைப்பு, படங்கள் பார்க்கும் சேவை போன்ற குடும்பத்துக்குப் பொதுவான கணக்குகளின் கடவுச்சொற்களுக்கு மேலாளரில் பகிர்வுத் தொகுப்பு ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். கைபேசிச் செய்தியாக அனுப்பினால் அது உரையாடலில் என்றைக்கும் கிடக்கும். காகிதத்தில் எழுதி வைப்பது தவறு என்று நான் சொல்லமாட்டேன். முதியவர் ஒருவர் தம் கடவுச்சொற்களைக் குறிப்பேட்டில் எழுதி அலமாரியில் பூட்டி வைத்தால், இணையத்தின் வழியாக யாராலும் அதைப் படிக்க முடியாது. திரையின் ஓரத்தில் ஒட்டுவதும், விசைப்பலகைக்கு அடியில் செருகுவதும், கணினியில் கடவுச்சொல் என்று பெயரிட்ட கோப்பில் தட்டச்சு செய்து வைப்பதுமே தவறு.

வீட்டார் ஊகிக்க முடியாத கடவுச்சொல்

நினைவில் வைத்தே தீர வேண்டிய கடவுச்சொற்கள் மூன்றுதான்: கணினிக் கணக்கினுடையது, மேலாளரினுடையது, மின்னஞ்சலினுடையது. மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மின்னஞ்சல் வழியாக மாற்றிவிட முடியும் என்பதால், மின்னஞ்சலுடையது வேறு எங்கும் பயன்படாததாக இருக்க வேண்டும்.

அந்நியருக்குத் தெரியாத பிறந்த நாளும், செல்லப் பெயரும், திருமண நாளும் வீட்டாருக்கு அத்துப்படி. எனவே அவை எதுவும் உதவாது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைத் தற்செயலாகத் தேர்ந்து கோப்பது நல்ல வழி. ஆர்னால்டு ரைன்ஹோல்டு 1995இல் வெளியிட்ட டைஸ்வேர் முறையில், ஐந்து முறை பகடை உருட்டி 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒரு சொல் எடுக்கப்படும். ஆறு சொற்கள் சேர்ந்தால் கணினியாலும் ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு வலிமை கிடைக்கும். தமிழில் செய்ய விரும்புவோர், அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு பல பக்கங்களில் திறந்து நத்தை, குடை, மத்தளம், வரப்பு என்பதுபோலச் சொற்களை எடுத்து, அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யலாம். தமிழ் எழுத்துகளையே கடவுச்சொல்லாக இடுவதைத் தவிர்ப்பது நல்லது. உள்நுழைவுத் திரையில் தமிழ் விசைப்பலகை கிடைக்காமல் போனால் நீங்களே வெளியே நிற்க வேண்டியிருக்கும். எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டு வரியும் பழமொழியும் வேண்டாம்.

சில மாதங்களுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றியே ஆக வேண்டும் என்ற பழைய விதியை அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி கைவிட்டுவிட்டது. கட்டாயப்படுத்தினால் மக்கள் கடைசியில் உள்ள எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். வேறொருவருக்குத் தெரிந்துவிட்டது என்று ஐயம் எழுந்தால் மாற்றுங்கள், அப்போது தாமதிக்காதீர்கள்.

விண்டோஸில் கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பின் (PIN) எண்ணைப் பயன்படுத்துவோர், அது அந்தக் கணினியில் மட்டுமே செல்லும் என்பதால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நான்கு இலக்க எண்ணைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்தே கற்றுக்கொள்வார். பின் எண்ணில் எழுத்துகளையும் குறியீடுகளையும் சேர்க்கும் வசதி அங்கேயே உண்டு. அதை இயக்கி நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். பணம் எடுக்கும் அட்டையின் எண்ணை இங்கே இடவே கூடாது.

மீட்புக் கேள்விகள் குடும்பத்தைப் பொறுத்தவரை ஓட்டைகள். நீங்கள் பிறந்த ஊர் எது, முதலில் படித்த பள்ளி எது என்று கேட்டால், உங்கள் உடன்பிறந்தவர் உங்களைவிட வேகமாகப் பதில் சொல்வார். விண்டோஸின் உள்ளகக் கணக்கில் இப்படி மூன்று கேள்விகள் கேட்கப்படும். அவற்றுக்கு உண்மையான விடை தர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தொடர்பில்லாத சொற்களை விடையாக இட்டு, அவற்றைக் கடவுச்சொல் மேலாளரில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கணினிக்குள் நுழையவே முடியாதபோதுதான் அவை தேவைப்படும் என்பதால், கைபேசியிலோ பூட்டிய குறிப்பேட்டிலோ ஒரு பிரதி இருக்கட்டும்.

இரண்டாம் படி, கைபேசியின் கையில்

இருபடிச் சரிபார்ப்பை இயக்கினால், கடவுச்சொல் தெரிந்தவரும் கைபேசிக்கு வரும் குறியீடு இல்லாமல் நுழைய முடியாது. மின்னஞ்சலுக்கும் பணம் தொடர்பான கணக்குகளுக்கும் இதைக் கட்டாயம் இயக்குங்கள். ஆனால் வீட்டில் கைபேசி மேசைமேல் கிடக்கும். பூட்டிய திரையிலேயே ஓடிபி எண் பளிச்சென்று தெரியும். அறிவிப்பின் உள்ளடக்கம் பூட்டிய திரையில் தெரியாதபடி கைபேசியின் அமைப்பை மாற்றினால் தவிர, இரண்டாம் படி இருந்தும் இல்லாதது போலத்தான். இந்தக் கணினியை நம்பு, மறுமுறை கேட்காதே என்று வரும் கட்டத்தை உங்கள் தனிக் கணக்கில் வேண்டுமானால் தேர்ந்துகொள்ளுங்கள். பொதுக் கணக்கில் கூடாது. கடவுச்சொல்லுக்கு மாற்றாக இப்போது பரவிவரும் பாஸ்கீ முறைக்கும் இதே விதிதான்: பகிர்ந்த கணக்கில் பாஸ்கீயை உருவாக்கினால், அந்தக் கணக்கின் பின் எண் தெரிந்த எல்லோரும் அதைப் பயன்படுத்த முடியும்.

கைபேசி தொலைந்தால் நுழைவதற்குக் கூகுள் எட்டு இலக்கம் கொண்ட 10 மாற்றுக் குறியீடுகளைத் தருகிறது. அவற்றை அச்சிட்டுக் கணினியிலிருந்து விலக்கி வையுங்கள்.

கணினி வீட்டை விட்டுப் போகும்போது

தனிக் கணக்குகள் காப்பது கணினி இயங்கும்போது மட்டுமே. வட்டு மறையாக்கம் செய்யப்படாவிட்டால், பென்டிரைவிலிருந்து வேறொரு இயங்குதளத்தைத் தொடங்கி, எந்தக் கடவுச்சொல்லும் இல்லாமல் எல்லோருடைய கோப்புகளையும் படிக்கலாம். மடிக்கணினி திருடுபோனாலோ பழுதுபார்க்கப் போனாலோ இது பெரிய இடர். விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது சாதன மறையாக்கம், மேக்கில் ஃபைல்வால்ட் ஆகியவற்றை இயக்குங்கள். பிட்லாக்கரின் மீட்பு எண் 48 இலக்கம் கொண்டது. சாதன மறையாக்கத்தில் அது பொதுவாகக் கணினியை அமைத்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்படும். உறவினரோ நண்பரோ தம் கணக்கில் அமைத்துக் கொடுத்த கணினியென்றால், அந்த எண் அவரிடம் இருக்கக்கூடும். இன்றே தேடி எடுத்து எழுதிவையுங்கள்.

நிர்வாகியின் கடவுச்சொல், இந்த மீட்பு எண், மேலாளரின் முதன்மைக் கடவுச்சொல் ஆகியவற்றை மூடி முத்திரையிட்ட உறையில் இட்டு, குடும்பத்தில் நம்பகமான இன்னொருவருக்கு அது இருக்கும் இடத்தைச் சொல்லிவைப்பது அவசியம். நோயோ விபத்தோ நேரும்போது வீட்டார் தவிக்காமல் இருக்க வேண்டும்; உறை பிரிக்கப்பட்டால் உங்களுக்கும் தெரிந்துவிடும். கூகுள் கணக்கில், நீண்ட காலம் பயன்படாமல் இருந்தால் குறிப்பிட்ட ஒருவருக்குத் தகவல் போகும்படி அமைக்கும் வசதியும் உண்டு.

பழைய கணினியை விற்கவோ கொடுக்கவோ போகிறீர்கள் என்றால், கோப்புகளை நீக்குவது போதாது. ஒவ்வொருவரும் தத்தம் கணக்கிலிருந்து உலாவியிலும் மற்றச் செயலிகளிலும் வெளியேறிய பின், விண்டோஸின் மீட்புப் பகுதியில் கணினியை மீட்டமைக்கும் வழியைத் திறந்து, எல்லாவற்றையும் நீக்கு என்பதையும், அதற்குள் வட்டைச் சுத்தம் செய்யும் தேர்வையும் சேர்த்துக் கொடுங்கள். இதற்குச் சில மணி நேரம் ஆகலாம். மடிக்கணினியென்றால் மின் இணைப்பில் வைத்தே செய்யுங்கள். முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் கைபேசியில் சாதனப் பட்டியலைத் திறந்து, அந்தக் கணினியின் பெயரை அகற்றிவிட வேண்டும்.